டி அண்ட் டி ஆடுவதை வீட்டில் சொல்வதா, மறைப்பதா?

கதவைச் சாத்தி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆன்லைனில் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்; பகடை உருட்டி, சேர்ந்து கதை சொல்லி ஆடும் ஆட்டம்) ஆடுகிறீர்கள் என்றால், ஹாலில் இருப்பவர்களுக்குப் பாதி உரையாடல்தான் கேட்கும். அந்தப் பாதி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வாட்ச்மேனை முதல்ல முடிச்சிடலாம்." "பொணத்தை எங்க ஒளிக்கிறது?" "என்கிட்ட இன்னும் கொஞ்சம் விஷம் மிச்சம் இருக்கு." மறுமுனையில் நாலு பேர் சிரிப்பது அவர்களுக்குக் கேட்காது. ஹெட்போன் போட்டவருக்கோ தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதே தெரியாது.

இப்படி ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி ஆடும் டேபிள்டாப் ஆர்பிஜி வகை ஆட்டங்களை மறைப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். விஷயம் முழுதாக வெளியே வருவதில்லை, அரைகுறையாகக் கசிகிறது. கசிந்ததைப் பார்த்தவர்கள் மீதியைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள்: சூதாட்டம், குடி, காதல், மாந்திரீகம். உண்மையில் நடப்பது இவை எல்லாவற்றையும்விடச் சலிப்பான சங்கதி. ஐந்து பேர் உட்கார்ந்து, இல்லாத ஒரு கதவை எப்படித் திறப்பது என்று நாற்பது நிமிடம் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் நாங்கள் சொல்லும் வழி இது. எத்தனை மணிக்கு, எங்கே, யார் யாருடன், எவ்வளவு செலவில் என்ற நான்கையும் மறைக்காதீர்கள். கதைக்குள் நடப்பதை யாரிடமும் ஒப்பிக்க வேண்டியதில்லை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கதையில் தாங்கள் ஏற்ற எல்ஃப் (ஒரு கற்பனை இனம்) வில்லாளியின் வரலாற்றை முக்கால் மணி நேரம் விளக்குவார்கள். வாரம் நாலு மணி நேரம் எங்கே போகிறோம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

வாயில் வரக்கூடாத சொற்கள்

ஆட்டத்தின் ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது. குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

முதல் ஆபத்து 'பார்ட்டி'. "எங்க பார்ட்டியில அஞ்சு பேர், சனிக்கிழமை ராத்திரி சேருவோம்" என்று சொன்னால் எந்த அம்மாவும் பாட்டிலைத்தான் நினைப்பார். 'குழு' என்றோ 'செட்' என்றோ சொல்லுங்கள். அடுத்தது 'கேரக்டர்'. நம் பேச்சில் அது ஒருவரின் நடத்தை. "என் கேரக்டர் கொஞ்சம் மோசம், திருடுவான்" என்று போனில் சொல்வது காதில் விழுந்தால் அதை விளக்க ஒரு மாலை போதாது. 'என் ஆள்', 'என் வேஷம்', 'என் பாத்திரம்' எதுவானாலும் பரவாயில்லை.

கதையை நடத்துபவரை ஆட்டத்தில் 'டன்ஜன் மாஸ்டர்', சுருக்கமாக டிஎம் என்பார்கள். ஆனால் 'மாஸ்டர்' என்றால் நமக்கு டியூஷன் மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர். "மாஸ்டர் வீட்டுக்குப் போறேன்" என்றால் அடுத்த கேள்வி "ஃபீஸ் எவ்வளவு?" என்பதுதான். 'கதை சொல்றவர்' என்பது போதும். 'கேம்பெயின்' தேர்தல் பிரசாரமாகிவிடும். 'தொடர்கதை' என்றால் எவருக்கும் புரியும். 'ஸ்பெல்' என்பதை 'மந்திரம்' என்று மொழிபெயர்க்க வேண்டாம். சில வீடுகளில் அது நேராகச் செய்வினைக்குப் போய் நிற்கும். 'சக்தி' என்றால் உறுத்தாது.

வெறுமனே 'கேம்' என்றும் விடாதீர்கள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டார் மனதில் வருவது போனும் ரம்மியும்.

முப்பது விநாடியில் சொல்வது

ஒரே மூச்சில் முடியும் அளவுக்கு விளக்கத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பலமுறை கைகொடுத்தது இது: "ஒருத்தர் கதை சொல்வார். நாங்க நாலு பேர் அந்தக் கதையில வர்ற ஆளுங்க. அடுத்து என்ன செய்றதுன்னு நாங்க முடிவு பண்ணுவோம். அது பலிக்குமா பலிக்காதான்னு கட்டை உருட்டிப் பார்ப்போம்."

இதற்கு மேல் கேட்டால் மட்டும் ஒரு உதாரணம். சுவரேறிக் குதிக்க வேண்டும், அதற்குக் கதை சொல்பவர் வைத்த இலக்கு 15. உங்கள் ஆளுக்கு ஏறும் திறமை 3. இருபது முகக் கட்டையை உருட்டி, விழும் எண்ணோடு 3 கூட்டுகிறீர்கள். 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஏறிவிட்டீர்கள். இருபதில் ஒன்பது வாய்ப்பு, அதாவது 45 சதவீதம். கணக்கு தெரிந்த அப்பாக்களுக்கு இந்த ஒரு உதாரணம் வேறெதையும்விட நன்றாக வேலை செய்யும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டி அண்ட் டி 1974-இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவில் வெளியானது, உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் என்பதெல்லாம் கேட்டால் சொல்ல வேண்டியவை.

இளையவர்களிடம் இவ்வளவு பாடு கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்றில் பையன்கள் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து ஆடுவார்களே, அதுதான் என்றால் முடிந்தது.

கட்டையும் காசும்

ஒரு செட்டில் ஏழு கட்டைகள்: 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்டவை ஒவ்வொன்று, பத்துப் பத்தாக எண்ணிட்ட இன்னொரு பத்துமுகக் கட்டை. இவை ஒரு சின்னச் சுருக்குப் பையில் வரும். அலமாரியில் துணிக்கு அடியில் அந்தப் பை கிடைப்பதும், ஹால் ஷோகேஸில் கண்ணாடிக் கிண்ணத்தில் கிடப்பதும் ஒன்றல்ல. ஒளித்து வைத்த பகடை என்றால் சகுனிதான் நினைவுக்கு வருவான். கண்ணில் படும்படி வைத்தால் வெறும் அலங்காரப் பொருள்.

வீட்டில் தாயக்கட்டை இருந்தால் இன்னும் சுலபம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடிய தலைமுறைக்குக் கட்டை உருட்டுவது மட்டுமே சூதாகிவிடாது என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "பந்தயம் உண்டா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. இல்லை என்று நேராகச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். தோற்றவர் பிரியாணி வாங்க வேண்டும் என்ற விளையாட்டுப் பந்தயம்கூட மேசையில் வேண்டாம். அதோடு, கதைக்குள் கிடைத்த தங்கக் காசைப் பற்றி போனில் பேசும்போது கவனம் தேவை. "நேத்து ஐநூறு கோல்டு அடிச்சேன், எல்லாத்தையும் ஒரே ராத்திரியில விட்டுட்டேன்" என்ற வாக்கியத்தை யாரும் கதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகளைப் படித்த பிறகு, தமிழ்நாடு அரசு 2022-இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்த பிறகு, அந்தப் பதற்றத்தைத் தப்பு சொல்ல முடியாது.

செலவை எண்ணாகவே சொல்லிவிடுங்கள். ஆரம்பிக்கப் பணமே தேவையில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இலவசம். விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது, சட்டப்படியே இறக்கிக்கொள்ளலாம். ஒரு செட் அக்ரிலிக் கட்டை சில நூறு ரூபாய். அச்சுப் புத்தகங்கள்தான் ஆயிரங்களில் போகும். மூல நூல்கள் மூன்று. அவற்றில் ஆடுபவருக்கு வேண்டியது ஒன்றே, மற்ற இரண்டும் கதை சொல்பவருக்கு. ஐவர் சேர்ந்து ஒரு செட் வாங்கினால் போதும். ஒரு பார்சல் வந்தால் அதை உங்கள் கையால் வீட்டார் முன்னால் பிரியுங்கள். பிரிக்காமல் அறைக்குள் போன பார்சலின் விலை அவர்கள் மனதில் மூன்று மடங்காகிவிடும்.

சாமி, பேய், கூகுள்

பெயரைச் சொன்ன அன்றைக்கே வீட்டில் யாராவது ஒருவர் தேடிப் பார்ப்பார். பழைய குற்றச்சாட்டுகள் சுலபமாகக் கிடைக்கும். 1979-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமல் போனார். தேடப்போன தனியார் துப்பறிவாளர், ஆட்டம்தான் காரணமாக இருக்கலாம் என்ற ஊகத்தைக் கிளப்பினார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஆட்டம் காரணமல்ல என்பதும், அந்தப் பையன் கடுமையான மனவேதனையில் இருந்தான் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. மகனைத் தற்கொலையில் இழந்த தாய் ஒருவர் 1983-இல் ஆட்டத்துக்கு எதிராக ஓர் அமைப்பையே தொடங்கினார். 1985-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் 60 மினிட்ஸ் நிகழ்ச்சிவரை அது போனது. இந்த வரலாற்றை நீங்களாக எடுக்காதீர்கள், ஆனால் தெரிந்து வைத்திருங்கள். "ஆமா, அப்படி ஒரு காலம் இருந்துச்சு, இதுதான் நடந்துச்சு" என்று பதறாமல் சொல்பவரை நம்புவார்கள். "அதெல்லாம் சும்மாப்பா" என்பவரை நம்ப மாட்டார்கள்.

ஆட்டத்தை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனமே அப்போது மறைக்கப் பார்த்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் டெமன், டெவில் என்ற சொற்களை எடுத்துவிட்டார்கள். அந்தப் பூதங்கள் பிறகு தனாரி, பாடெசு என்று புதுப்பெயர் சூடித் திரும்பி வந்தன. படம் அதே படம், கொம்பும் அதே கொம்பு. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பழைய பெயர்களே மீண்டன. பெயரை மட்டும் மாற்றி ஒளிப்பதில் எவ்வளவு பலன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நம் வீடுகளில் இதைவிடக் கூர்மையான முள் வேறொன்று. 1980-இல் வந்த டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் என்ற நூலில் கிரேக்க, எகிப்தியக் கடவுள்களோடு இந்தியத் தெய்வங்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. இந்திரன், காளி, விஷ்ணு எல்லோருக்கும் எத்தனை அடி தாங்குவார்கள் என்று எண் போட்டிருக்கும். பூஜையறை உள்ள வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். உங்கள் மேசையில் கும்பிடும் தெய்வங்கள் வரக்கூடாது என்று முதல் நாளே ஒப்பந்தம் செய்துகொள்வது நல்லது. அப்புறம் வீட்டில் கேட்டால், "நம்ம சாமியெல்லாம் இதுல வராது" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். ராட்சசர்கள் வந்தால் பரவாயில்லை. டி அண்ட் டி-யின் ராட்சசனுக்குப் புலித்தலை, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும். பாட்டிகளுக்கு அந்தப் படத்தைக் காட்டினால் கோபம் வராது, திருத்தம்தான் வரும்.

நம்பாதவரை உட்காரவைத்து ஆடுவது

எத்தனை விளக்கினாலும் ஒரு தடவை ஆடிப் பார்ப்பதற்கு ஈடில்லை. ஆனால் உங்கள் வழக்கமான குழுவின் நடுவில் அப்பாவை உட்காரவைக்காதீர்கள். இருபத்து மூன்றாவது அமர்வில் நுழைந்தவருக்கு எதுவும் புரியாது, உங்கள் நண்பர்களும் கூச்சத்தில் உளறுவார்கள். அதற்கென்றே 45 நிமிடத்தில் முடியும் குட்டிக் கதை ஒன்று தயார் செய்யுங்கள்.

ஏழு கட்டையும் வேண்டாம். வீட்டில் இருக்கும் சாதாரண ஆறுமுக டைஸ் இரண்டு, ஆளுக்கு ஒரு துண்டுத் தாள், ஒரு பேனா. தாளில் இரண்டே வரி: பேர் என்ன, எதில் கெட்டிக்காரர். முயற்சி செய்யும்போது ஒரு கட்டை. 4, 5, 6 விழுந்தால் காரியம் பலிக்கும். தாம் கெட்டிக்காரரான விஷயம் என்றால் இரண்டு கட்டை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். பாதி வாய்ப்பு முக்காலாகிவிடும். விதிகள் இவ்வளவே. இதைச் சொல்ல இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே செத்துவிடும்.

கதைக்கு அவர்கள் அறிந்த உலகம் வேண்டும். திருவிழாவுக்கு முதல்நாள் இரவு தேர்வடம் காணவில்லை. விடிவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். போக மூன்று இடங்கள்: தேர்க் கொட்டகை, கயிறு திரிக்கும் பட்டறை, ஆற்றங்கரை. ஒவ்வோர் இடத்திலும் பேச ஓர் ஆள், கிடைக்க ஒரு தடயம். மூன்றில் எந்த இரண்டு கிடைத்தாலும் விடை தெரிய வேண்டும், அப்படித் திட்டமிடுங்கள். ஒரே தடயத்தை ஒரே உருட்டலில் கட்டிப்போட்டு, அதில் 2 விழுந்துவிட்டால் எல்லோரும் கையைப் பிசைந்து நிற்பார்கள். புதிதாகக் கதை நடத்துபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பேர் எழுத ஐந்து நிமிடம், இடத்துக்குப் பத்து, முடிவுக்குப் பத்து.

சண்டை வேண்டாம். குரல் மாற்றிப் பேசுவதும் முதல் தடவை வேண்டாம். பெரியவர்கள் நாணிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். "நான் அவர்கிட்ட இப்படிக் கேட்பேன்" என்று அவர்கள் சொன்னாலே போதும். பாதியில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்: "சரி, இதுல யாரு ஜெயிக்கிறது?" வடம் கிடைத்தால் எல்லோரும், கிடைக்காவிட்டால் யாரும் இல்லை. இந்தப் பதில் சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர்களைக் கேரம் போர்டுக்கே விட்டுவிடுங்கள். ஆடியவர் ரசிகராக வேண்டும் என்பது நோக்கமல்ல. அடுத்த ஞாயிறு நீங்கள் கிளம்பும்போது எங்கே போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

வீட்டில் குழுவைக் கூட்டினால்

ஐந்து ஜோடிச் செருப்பு வாசலில் கிடந்தால் மாடிப்படி ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். வருபவர்களின் பெயரையும் முடியும் நேரத்தையும் முன்பே சொல்லிவிடுங்கள். அறைக்கதவைத் திறந்தே வையுங்கள். நாலு மணி நேர ஆட்டத்துக்கு நடுவில் ஒருமுறை எழுந்து எல்லோரும் ஹாலுக்கு வந்து டீ குடியுங்கள். நண்பர்களின் முகம் தெரிவதற்கு அந்தப் பத்து நிமிடம் போதும். மொசைக் தரையிலும் எவர்சில்வர் தட்டிலும் கட்டை உருட்டினால் கீழ்வீடுவரை கேட்கும். தட்டின் மேல் நாலாக மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள்.

பெண்கள் இன்னொருவர் வீட்டுக்குப் போய் ஆடுவதாக இருந்தால் பெற்றோர் கேட்பது ஆட்டத்தைப் பற்றியே இல்லை. வீட்டு முகவரி, அந்த வீட்டில் இருக்கும் பெரியவரின் எண், திரும்பும் நேரம், யாருடைய வண்டியில். இதைக் கேட்கும் முன் கொடுத்துவிட்டால் எல்ஃபைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. ஒன்பது என்று சொன்னால் ஒன்பதுக்கு முடிக்க வேண்டியது கதை சொல்பவரின் பொறுப்பு. எட்டரைக்குப் புதுச் சண்டை ஒன்றைத் தொடங்கும் டிஎம்மால் பலருடைய வருகை நின்றுபோயிருக்கிறது.

ஹாஸ்டல்

டி அண்ட் டி பிறந்த அதே விஸ்கான்சின் மாநிலத்தில், வாபன் சிறையில் கைதி ஒருவர் ஆட்டத்துக்காகத் தானே எழுதிய 96 பக்கக் கையெழுத்துப் பிரதியை அதிகாரிகள் பறிமுதல் செய்து, ஆட்டத்தையும் தடை செய்தார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், 2010-இல் தடை செல்லும் என்று தீர்ப்பானது. சிறைத் தரப்பின் வாதம் பேய் பிசாசு பற்றியதல்ல. ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்டு நடக்கும் கூட்டம் என்பது ரவுடிக் கும்பலின் அமைப்பைப் போல இருக்கிறது, ஆட்டம் அதை வளர்க்கும் என்பதே.

வார்டனின் கண்ணும் இப்படித்தான் பார்க்கும். இரவு பதினொரு மணிக்குத் தாழ்போட்ட அறை, ஆறு பேர், கட்டை, நடுவில் ஒருவன் ஏதோ கட்டளையிடுகிறான். ஆகவே பொது அறையில், விளக்கு வெளிச்சத்தில், தாளும் பென்சிலும் தெரிய ஆடுங்கள். சில்லறையோ சீட்டுக்கட்டோ மேசையில் இருக்கக் கூடாது. கட்டைக்கே தடை என்றால் 1 முதல் 20 வரை எழுதிய காகிதத் துண்டுகளை ஒரு டம்ளரில் போட்டு எடுங்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புக் கணக்கு மாறிவிடும். போனில் உருட்டும் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் போனைப் பார்த்தபடி ஆறு பேர் கத்தினால் அதற்கு வேறு சந்தேகம் வரும்.

அலுவலகம், ஜாதகம்

அலுவலகத்தில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. வியாழன் ஏழு மணிக்கு ஆட்டம் என்றால் காலண்டரில் 'சொந்த வேலை' என்று தொடர் நிகழ்வாகப் போட்டுவிடுங்கள், விளக்கம் தேவையில்லை. 'உடம்பு சரியில்லை' என்று பொய் சொல்லி ஆடப் போகாதீர்கள், குழுப் புகைப்படம் இன்ஸ்டாகிராமில் ஏறும் நாள் அதுவாகத்தான் இருக்கும். ரெஸ்யூமில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கேம் டிசைன், எழுத்து சார்ந்த வேலை என்றால் போடுங்கள். மற்றதற்கு வேண்டாம். 'டன்ஜன் மாஸ்டராக ஐந்து பேர் குழுவை வழிநடத்தினேன்' என்பதைத் தலைமைப் பண்புக்குச் சான்றாகக் காட்டுவது, எதிரே இருப்பவரும் ஆடுபவராக இருந்தால் மட்டுமே எடுபடும்.

கல்யாணப் பேச்சில் விஷயம் வேறு. பயோடேட்டாவில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் எல்லோரும் 'வாசிப்பு, பயணம், இசை' என்றுதான் போடுகிறார்கள், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இருவரும் தனியே பேசக் கிடைக்கும் முதல் சந்தர்ப்பத்திலேயே நேரக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும்: வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம், யார் வீட்டில், குழுவில் பெண்கள், ஆண்கள் எத்தனை பேர். வாரம் நாலு மணி என்றால் மாதம் பதினாறு மணி நேரத்துக்கு மேல். ஞாயிறு மாலை இல்லை என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொள்பவருக்கு வரும் கோபம் டிராகன்மேல் வருவதல்ல. "கல்யாணம் ஆனதும் விட்டுடுவேன்" என்று சொல்லாதீர்கள். விடப்போவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். "மாசம் ரெண்டு தடவையா குறைச்சுக்கலாம்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

மறைத்தே ஆக வேண்டுமென்றால்

சொல்ல முடியாத வீடுகளும் உண்டு. வெளியே போவதற்கே அடி விழும் வீடு, புத்தகத்தைக் கிழித்துப் போடும் வீடு, சம்பளத்தைப் பிடுங்கும் வீடு. அங்கே மறைப்பதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒருவரிடமாவது உண்மையான இடமும் நேரமும் சொல்லியிருக்க வேண்டும்: அக்கா, சித்தி, தோழி, யாராவது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இணையத்தில் அறிமுகமான குழுவை நேரில் சந்திக்க, வீட்டுக்குத் தெரியாமல் போகவே கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது.

மறைக்கும்போது பொய்யைச் சிறியதாக வையுங்கள். 'நண்பர்களோடு போர்டு கேம்' என்பது உண்மைக்கு அடுத்த வீடு. பின்னால் தெரிந்தாலும் பொய் சொன்னதாகாது. 'ஆஃபீஸ் வேலை' என்று ஆரம்பித்தால் அதற்குத் துணையாக வாராவாரம் புதுப்பொய் வேண்டும்.

காட்டிக்கொடுப்பவை எல்லாம் சின்னச் சின்னவை. வாட்ஸ்அப் குழுவுக்கு 'ரத்தக் காட்டேரிகள்' என்று பெயர் வைத்துவிட்டு, லாக் ஸ்க்ரீனில் செய்தி தெரியும்படி போனை சார்ஜில் போடுவது. 'சண்டே செட்' என்று மாற்றி, முன்னோட்டத்தை அணைத்துவிடுங்கள். டிவியில் குடும்பமே பார்க்கும் யூடியூப் கணக்கில் ஆட்ட வீடியோ பார்த்தால் மறுநாள் காலை சுப்ரபாதத்துக்குப் பக்கத்திலேயே பரிந்துரை வந்து நிற்கும். அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். ஆன்லைன் ஆட்டத்தில் டிஸ்கார்ட் என்ற குரல்வழி அரட்டைச் செயலியில் 'புஷ் டு டாக்' வசதியைப் போடுங்கள். பேசும்போது மட்டும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருப்பதால் பேச்சே குறையும். அம்மா கதவைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிடுவதும் மற்ற நாலு பேர் காதில் விழாது. ஒற்றைக் காதில் மட்டும் ஹெட்போன் மாட்டினால் உங்கள் குரலளவு உங்களுக்குத் தெரியும்.

புத்தக அட்டைகள் பொல்லாதவை. 2014 பதிப்பில் கதை சொல்பவருக்கான நூலின் அட்டையில் இருப்பது எலும்பும் தோலுமான ஒரு பிணச் சூனியக்காரன். பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவது போலப் பிரவுன் தாள் அட்டை போட்டால் நம் ஊரில் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். 28 மில்லிமீட்டர் பொம்மைகள் வைத்து ஆடுபவர்கள் நவராத்திரி சமயத்தில் ஜாக்கிரதை. பெயின்ட் அடித்த உங்கள் வீரன், குட்டிப் பிள்ளைகள் கையால் கொலுப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் போய் நிற்க எல்லா வாய்ப்பும் உண்டு.

குழுவில் மற்றவருடைய ரகசியம்

நீங்கள் வெளிப்படையாக இருப்பதால் உங்களோடு ஆடுகிறவரும் அப்படி என்று ஆகாது. ஆண் ஒருவர் பெண் பாத்திரம் ஆடலாம். தன்னைப் பற்றி வீட்டில் சொல்லாத ஒன்றை ஒருவர் அந்த மேசையில் மட்டும் சொல்லியிருக்கலாம். தொடங்கும் முன் நடக்கும் முதல் கூட்டத்திலேயே மூன்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள்: படம் எடுக்கலாமா, எடுத்தால் எங்கே போடலாம், வெளியில் பேசும்போது யாருடைய பெயரைச் சொல்லலாம். ஒருவர் மறுத்தாலும் மறுப்புத்தான். கதையில் எது வரக்கூடாது என்ற பட்டியலையும் அன்றே எழுதுவது வழக்கம். நடுவில் எவராவது பொறுக்க முடியாமல் போனால் தொட்டுக் காட்ட மேசை நடுவில் ஓர் எக்ஸ் கார்டு வைப்பார்கள். ஜான் ஸ்டாவ்ரோபவ்லோஸ் வகுத்த முறை அது. தொட்டவரிடம் காரணம் கேட்கக் கூடாது. வெளியில் போய் "நேத்து அவன் கார்டைத் தொட்டான்" என்று சொல்வதும் கூடாது.

பிடிபட்டுவிட்டால்

முதல் ஐந்து நிமிடத்தில் ஆட்டத்தை விளக்கத் தொடங்காதீர்கள். பார்த்தது என்னவோ அதை ஒப்புக்கொள்ளுங்கள்: "ஆமா, இது என்னோடதுதான்." அடுத்து பணம், பிறகு ஆட்கள், பிறகு நேரம். அந்த வரிசையில்தான் பயம் இருக்கும். போனில் குழுவினரின் படம் இருந்தால், அவர்கள் சம்மதித்திருந்தால், காட்டலாம். மறைத்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள், ஆடியதற்கு வேண்டாம். இரண்டையும் கலந்து கேட்டால் அடுத்த வாரம் கிளம்பும்போது "அன்னைக்குத் தப்புன்னு ஒத்துக்கிட்டியே?" என்று நிற்பார்கள்.

பிடிபடுவது பெரும்பாலும் நாலுமுகக் கட்டையால்தான். பிரமிடு வடிவம், உருளாது, கண்ணாடி நிறமென்றால் தரையோடு தரையாகக் கிடக்கும், கூர்முனை மேலே பார்க்கும். இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்துவரும் அப்பாவின் வெறுங்கால் அதைக் கண்டுபிடித்துவிடும். பையைக் கட்டும் முன் ஏழும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். நாலுமுகத்தை முதலில் எண்ணுங்கள்.